பன்னிரண்டாம் எண் குளிக்க வரவில்லை

பனிப்பேட்டையில் காலை ஐந்து மணிக்குக் குளியல் முறை தொடங்கிவிடும். நிலாவின் தென்துருவத்தில் காலை என்று தனியாக ஒன்று கிடையாது. தூத்துக்குடியில் மணி ஐந்து என்றால் இங்கேயும் ஐந்து, அவ்வளவுதான். குளியலறைக் கதவின் மேலிருந்து ஒரு பெண்குரல் "ஒன்று" என்று அழைக்கும். ஒன்றாம் எண் குடும்பம் சோப்பும் துண்டுமாக உள்ளே போகும். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாக வேண்டும். அடுத்தது "இரண்டு". இப்படிப் பதினொன்று வரை ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். "பன்னிரண்டு" என்று குரல் அழைத்ததும் கதவு திறக்கும், உள்ளே வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டும், ஒருவரும் போகமாட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பிறகு "பதின்மூன்று".

வந்த முதல் வாரத்தில் கஸ்தூரி இதைப் பற்றிக் கேட்டாள். கேட்பதற்கே அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. புது ஆட்களிடம் வாய் திறப்பது அவளுக்கு மலையேற்றம்.

"குழாய்க்கு மூச்சு வாங்க வேண்டாமா?" என்றார் பதின்மூன்றாம் எண் சங்கரபாண்டி. "பதினோரு குடும்பம் குளிச்சதும் அதுக்கு இளைக்கும்லா. அந்தக் காலத்துலயே யோசிச்சு வச்சிருக்காக."

கஸ்தூரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். குழாய்க்கு மூச்சு கிடையாது என்று சொல்ல இன்னும் நான்கு நாள் ஆகியிருக்கும்.

அவளுக்கு எண்ணே கிடையாது. மேட்டூர்க்காரி, இருபத்தாறு வயது. பனிப்பேட்டையின் தரவுத்தளத்தைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றித் தர ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவள். எண் இல்லாதவர்கள் நாற்பத்தாறாம் எண் குளித்து முடித்த பிறகு குளிக்கலாம். அதற்குள் மணி எட்டே முக்கால் தாண்டிவிடும். தண்ணீர் நாற்பதாம் எண்ணிலேயே ஆறிப்போயிருக்கும்.

தினமும் வரிசையின் கடைசியில் அவளும் நாற்பத்தாறாம் எண்ணும் மட்டும் நிற்பார்கள். நாற்பத்தாறாம் எண் என்பது ஒரே ஒரு ஆள், வெயிலுமுத்து. வயது ஐம்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. பனி வாரும் இயந்திரங்களுக்குப் பல் மாற்றும் வேலை. இங்கே இருப்பவர்களின் பெற்றோர்களும் அவர்களும் ஒரு காலத்தில் உப்பளத்தில் உப்பு வாரியவர்கள். நிலாவில் பனி வார ஆள் தேவை என்றதும், வெயில் இல்லாமல் இருந்தால் சரி என்று ஏறி வந்துவிட்டார்கள்.

"பகல் பூரா அந்தப் பெட்டி முன்னால உக்காந்து என்னம்மா செய்யுத?" என்று ஒருநாள் வெயிலுமுத்து கேட்டார்.

"ஒரு இடத்துல இருக்கற தகவலை இன்னொரு இடத்துக்கு மாத்தறேன் அண்ணாச்சி."

"வீடு மாத்துற மாதிரி."

"அப்படித்தான். ஆனா பழைய வீட்ல எல்லாம் அலமாரி. புது வீட்ல அலமாரியே கிடையாது. வெறும் கயிறு."

"கயித்துல எப்படித் தட்டுமுட்டை அடுக்குவ?"

"அதான் வேலையே." கஸ்தூரிக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கூச்சம் கொஞ்சம் குறையும். "பழசு ஒரு பட்டியல். ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரா பேர். புதுசு வலை மாதிரி. ஒவ்வொரு ஆளும் ஒரு முடிச்சு. இவருக்கு அவர் அண்ணன், அவருக்கு இவர் பக்கத்து வீடு, இதெல்லாம் கயிறு. முடிச்சும் கயிறும் தவிர அதுல ஒண்ணும் கிடையாது."

வெயிலுமுத்து சோப்புப்பெட்டியைக் கைமாற்றிக்கொண்டார். "வலையில முதல் முடிச்சு எது?"

"முதல் முடிச்சுன்னு ஒண்ணு கிடையாது."

"இதைக் கோமதி மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லு."

அந்தப் புத்திமதியை அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல், மறுநாள் காலை ஒரு மணிநேரம் மட்டும் குளியல் முறையைப் புது வலையில் ஓட்டிப் பார்த்தாள். பழைய நிரலில் இருந்தது ஒரே கட்டளைதான்: மேலிருந்து ஒவ்வொருவராக அழை. வலைக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அது கைக்கு வந்த முடிச்சை அழைத்தது. முதலில் முப்பத்தொன்று. பிறகு எட்டு. பிறகு நாற்பத்துநான்கு.

கோமதிநாயகம் எழுபத்துநான்கு வயதிலும் தேக்குமரம் போல நிமிர்ந்து நின்றார். பனிப்பேட்டை தொடங்கிய நாள் முதல் எண் ஒன்று அவருடையது. தோளில் துண்டோடு ஒரு மணிநேரம் நின்றார். மணி ஆறானதும் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"இன்னையிலருந்து நான் குளிக்கப்போறதில்ல" என்று அறிவித்துவிட்டு அறைக்குப் போனார்.

இரண்டு முதல் பதினொன்று வரையுள்ள மற்றப் பத்து குடும்பங்களும் அவர் பின்னால் போயின. காற்றே இல்லாத உலகத்தில், அடைத்துவைத்த காற்றைத் திருப்பித் திருப்பிச் சுவாசிக்கும் இருநூறு பேர் மத்தியில், பதினோரு குடும்பம் குளிக்காமல் இருப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. மூன்றாம் நாள் செயலாளர் அருள்பாக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டு கஸ்தூரியின் அறைக்கு வந்தாள். ஏழாம் எண். ஆனால் பதவியில் இருப்பதால் குளித்திருந்தாள்.

"ஏம்மா, பழைய வரிசை அப்படியே வரணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரு நம்பரைப் போட்டுத் தொலைக்கக் கூடாதா?"

"போடலாம் மேடம். ஆனா புதுசுல, ஒருத்தரை இன்னொருத்தருக்கு முன்னால வச்சா ஏன்னு எழுதணும். காரணம் இல்லாத முன்னுரிமை செல்லாதுன்னு கீழ பூமியில சட்டமே போட்டுட்டாங்க. வலை அதை ஏத்துக்காது."

"ஏதாவது ஒரு காரணத்தை எழுது."

"எழுதினா அது சரிபார்க்கும்."

அருள்பாக்கியம் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, மறுபடி பொத்திக்கொண்டாள். "ஆறு நாள்ல கப்பல் வருது. பழசை எப்ப மூடுறாக?"

"கப்பல் வர்றதுக்கு முந்தின நாள்."

"அப்போ இருக்கைக்கு ஆள் யாருன்னு உன் வலைதான் சொல்லணும். விளங்கின மாதிரிதான்."

பூமிக்குப் போகும் கப்பல் வருடத்துக்கு ஒருமுறை வரும். பன்னிரண்டு இருக்கை. பட்டியலில் முதல் பன்னிரண்டு எண்களுக்குக் குடும்பத்துக்கு ஒன்று. போன வருடம் எந்த எண்ணோடு நிறுத்தினோம் என்று பட்டியலுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு வருடமும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். ஆகவே கோமதிநாயகம் முப்பத்தொரு தடவை பூமிக்குப் போய்வந்திருந்தார். வருடா வருடம் பூமியின் கனத்தில் நடந்து அவர் எலும்பு எஃகாகியிருந்தது. பன்னிரண்டாம் இருக்கை மட்டும் எப்போதும் காலியாகவே போகும். கப்பல் ஒரு பக்கம் சாயாமல் இருக்க அப்படி என்று எல்லோரும் நம்பினார்கள். யாராவது தன் முறையை விட்டுக்கொடுத்தால் அடுத்த எண் போகலாம். ஆனால் அப்படி விட்டுக்கொடுத்தவர் இதுவரை இல்லை. கோமதிநாயகத்துக்குக் கப்பல் என்றாலே குமட்டல். இருந்தும், ஒன்றாம் எண் போகாமல் இரண்டாம் எண் போவதா?

இதெல்லாம் கஸ்தூரிக்கு வெறும் நிரல் கோளாறாகத்தான் தெரிந்தது, மறுநாள் குளியல் முறையைக் கவனிக்க அவள் ஐந்து மணிக்கே போய் நின்றபோது வெயிலுமுத்து வரிசையில் தன் கைக்கருவியை நீட்டும்வரை.

"இதைப் படிச்சுப் பாரு."

திருச்செந்தூரிலிருந்து வந்திருந்த கல்யாண அழைப்பிதழ். வெயிலுமுத்துவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். பெரியோர்களின் பெயர் வரிசையில் முதல் பெயர் தனியாக, தடித்த எழுத்தில்: தாய்மாமன் சு. வெயிலுமுத்து, பனிப்பேட்டை, நிலா.

"உங்க பேர்தான் முதல்ல" என்றாள் கஸ்தூரி.

"ஆமா. கீழ நான் முதல் ஆளு." சிரித்தார். "தங்கச்சி கல்யாணம் முடிச்சு இறங்கிப் போனவ. முப்பத்தொரு வருசம் ஆச்சு. திரையிலதான் பாத்துக்கிடுவோம். மருமகளுக்கு மாலை எடுத்துக் குடுக்க நான் வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கா."

"அடுத்த வருஷம்..."

"ரெண்டு மாசத்துல எனக்கு அறுபது. அறுபது வரைக்கும் ஒரு தடவைகூடக் கீழ இறங்காதவனுக்கு அப்புறம் அனுமதி இல்ல. எலும்பு தாங்காதாம். இந்தக் கப்பலை விட்டா இங்கேயேதான்."

"கேட்டுப் பாக்கலாமே அண்ணாச்சி. யாராவது விட்டுக்குடுத்தா..."

"பதின்மூணுக்குப் போவும். சங்கரபாண்டி விட்டா பதினாலுக்கு. நாப்பத்தாறு வரைக்கும் வரணும்னா முப்பத்துநாலு பேரு மனசு வைக்கணும்."

"ஆறு" என்றது, பழைய பட்டியலுக்கே திரும்பியிருந்த கதவு. பதினோரு குடும்பமும் குளிக்க மறுத்ததால் வெந்நீர் யாருக்கும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, முறை தவறி ஒருவரும் உள்ளே போகவில்லை.

அன்று மாலை சமூகக்கூடத்தில் ஊர் கூடியது. வலைக்குப் பேசவும் தெரியும் என்பதால் கஸ்தூரி அதை ஒலிபெருக்கியில் இணைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். தானே பேச வேண்டியிருக்காது என்பது ஒரு நிம்மதி.

"இந்த வரிசைக்குக் காரணம் என்ன?" என்று கேட்டது வலை.

கோமதிநாயகம் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்தார்கள். மரியாதை பாதி, வாடை பாதி. "இதுல என்ன கேள்வி? நிலாவுல முதல்ல கால் வச்சவன் நான்."

"சரிபார்க்கப்பட்டது. இறங்கிய வரிசையில் கோமதிநாயகம் பத்தொன்பதாவது. இறங்கும்போது வாந்தி எடுத்ததாகக் குறிப்பு உள்ளது."

கூடம் தரையைப் பார்த்தது. சிரிப்பை அடக்க அதுதான் வழி.

"வயசு" என்றாள் அருள்பாக்கியம் அவசரமாக. "மூத்தவுக முதல்ல."

"நாற்பத்தாறில் ஆறு பொருந்துகிறது."

"வேலைத்திறமை" என்றார் ஒருவர்.

"நாற்பத்தாறில் இரண்டு."

சங்கரபாண்டி கையை உயர்த்தினார். "எடை. முதல் ராக்கெட்டுல கனமான ஆளுகளை அடியில வச்சாகளாம். எங்க அப்பா சொல்லுவாரு."

"நாற்பத்தாறில் ஒன்பது பொருந்துகிறது. இதுவரை கூறப்பட்டவற்றில் இதுவே சிறந்த காரணம்."

அதற்குமேல் கூட்டத்தை அடக்க முடியவில்லை. முப்பத்தொரு வருட மரியாதை வயிற்றுச்சதையில் வந்து நிற்பதா என்று கோமதிநாயகம் வெளியேறினார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். மற்றவர்கள் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டு கலைந்தார்கள். வலை யாரும் கேட்காத கூடத்தில் தன் பாட்டுக்குத் தொடர்ந்தது: "குறிப்பு. பன்னிரண்டாம் எண்ணுக்கு எடை பதிவாகவில்லை. வயது பதிவாகவில்லை. இறங்கிய நாள் பதிவாகவில்லை."

கஸ்தூரி நின்றாள்.

ஆட்களின் பெயரைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடையாது, எண்களை மட்டும்தான் மாற்றுவாள். அருள்பாக்கியத்தை அழைத்துவந்து பன்னிரண்டாம் வரியைத் திறக்கச் சொன்னாள். இருவரும் திரையில் குனிந்தார்கள்.

பெயர்: சுற்றமும் நட்பும்.

தந்தை பெயர்: சூழ.

அருள்பாக்கியம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "இது யாரு வீட்டு ஆளு?"

"மேடம், 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து'..."

"ஐயையோ!"

சுற்றமும் நட்பும் என்பவருக்கு ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டிருந்தது. வாரம் ஒரு பொட்டலம் பால்பொடி, தீபாவளிக்கு ஒரு வேட்டி. மருத்துவப் பரிசோதனைக்கு முப்பத்தொரு வருடமாக வராததால் கண்டிப்புக் கடிதம் பதினேழு. பனிப்பேட்டையின் மிக ஆரோக்கியமான குடிமகன் அவர்தான்.

அந்த வரி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கஸ்தூரி தோண்டினாள். பழைய களஞ்சியத்தின் அடியில் ஒரே ஒரு படம் கிடந்தது. மஞ்சள் தடவிய ஓரம், மேலே பிள்ளையார் சுழி. பனிப்பேட்டையில் நடந்த முதல் கல்யாணத்தின் அழைப்பிதழ். தாய்மாமன் கோமதிநாயகம் முதலில். பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார் பிறகு. அப்புறம் மணமகன் பக்கத்தார், தொழிலாளர் சங்கத்தார், பக்கத்துக் கூடத்தார். படித்த இயந்திரம் தடித்த எழுத்தில் இருந்ததையெல்லாம் ஆள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. மேற்பார்த்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மணமக்கள் பூமிக்கு இறங்கியதும் அவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த குடும்பங்களை யாருடைய உறவோ அவர்கள் எண்ணிலேயே சேர்த்தார்கள். வரிசை அசையவேயில்லை.

அழைப்பிதழின் கடைசி வரி: இப்படிக்கு, தங்கள் நல்வரவை எதிர்நோக்கும், சு. வெயிலுமுத்து.

காலையில் வரிசையின் வாலில் நின்றபோது கஸ்தூரி படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளையார் சுழி நான் போட்டது. அச்சுல சரியா விழலைன்னு பேனாவால போட்டேன்."

"அண்ணாச்சி, இது அந்த ஆபீசர் கைக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன்." சாதாரணமாகச் சொன்னார். "அப்பா அம்மா கிடையாது. தங்கச்சி கல்யாணத்தை நான்தானே நடத்தணும். அவருக்கும் பத்திரிகை வைக்கப் போனேன். இங்க இருக்கற எல்லாரு பேரும் ஒரு தாள்ல வேணும்னு அவரு கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் சொன்னேன், சார், இதைவிட ஒரு தாள் உங்களுக்குக் கிடைக்காது, ஒருத்தர் பேரையும் விடலைன்னு. விட்டா சும்மா இருப்பாகளா? கல்யாணப் பத்திரிகைல்லா."

"அப்போ உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமா."

"முதல் நாள் குளியல்லயே தெரியும். ஒண்ணுன்னதும் மாமா போனாரு, ரெண்டுன்னதும் பெரியப்பா போனாரு. அட, நம்ம பத்திரிகைன்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

வெயிலுமுத்து அவளை விநோதமாகப் பார்த்தார். "கூப்பிட்டவன் நான். பந்தியில உக்காந்தவுகளைப் பார்த்து, எனக்கு இன்னும் இலை போடலைன்னு நானே சொல்லவா? எல்லாரும் சாப்பிட்டு எழுந்தா எம்முறை வரும்னு இருந்தேன். இவுக எழுந்திரிக்கவே இல்ல."

"நாற்பத்தாறு" என்றது கதவு. அவர் உள்ளே போனார்.

கூச்சத்தால் முப்பத்தொரு வருடம் பச்சைத்தண்ணீரில் குளித்த ஒரு மனிதரைக் கஸ்தூரி அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியில் தவிர. அவள் அருள்பாக்கியத்திடம் போய் மறுபடி ஊரைக் கூட்டச் சொன்னாள்.

கூட்டத்தில் அவள் அழைப்பிதழைச் சுவரில் பெரிதாகக் காட்டிவிட்டு, நடந்ததைச் சொன்னாள். இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். முடித்ததும் முதலில் எழுந்த சத்தம் சங்கரபாண்டியுடையது.

"அப்போ பன்னிரண்டுல ஆளே கிடையாதா? முப்பத்தொரு வருசமா காலி இருக்கைக்கு ஒரு நம்பர் பின்னால நின்னுருக்கேனா? குழாய் மூச்சு வாங்குதுன்னு நானே வேற எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு!"

"உக்காருங்க அண்ணே" என்றாள் அருள்பாக்கியம்.

"காரணம் ஏற்கப்படுகிறது" என்றது வலை. "நாற்பத்தாறில் நாற்பத்தாறு பொருந்துகிறது. இந்த வரிசை ஒரு திருமண விருந்தின் வரிசை. ஆனால் அந்தத் திருமணம் முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. விருந்து இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா?"

அது கிண்டல் செய்யவில்லை. அந்த இடத்தை நிரப்ப அதற்கு ஆம் அல்லது இல்லை வேண்டும்.

கோமதிநாயகம் சுவரில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் என்ற சொல்லுக்கு அடுத்து அது இருந்தது. பிறகு கண் மெல்லக் கீழே இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. தன் அக்கா மகன்.

"மருமவனே, உந்தங்கச்சி மக கல்யாணம் என்னைக்கு?"

"வார இருபத்தொண்ணாம் தேதி மாமா."

"தாய்மாமன் யாரு?"

வெயிலுமுத்து சுவரையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவே முழிக்கீரு? தாய்மாமன் இல்லாம ஒரு கல்யாணமா? அன்னைக்கு நான் குமட்டலோட ராக்கெட்டுல வந்து இறங்கலைன்னா உம்ம தங்கச்சி கழுத்துல யாரு மாலை போட்டிருப்பா?" குரல் உயர்ந்தது. பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முன்னால் இல்லாத ஓர் இலையை இரு கையாலும் எடுத்து, தன் பக்கமாக மடித்து, மேலே ஒரு தட்டு தட்டினார்.

"விருந்து பிரமாதம். வயிறு நிறைஞ்சுது. நான் எழுந்திரிச்சாச்சு."

எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. எஃகு எலும்பு என்றாலும் வயது எழுபத்துநான்கு.

விட்டுக்கொடுப்பது கௌரவக்குறைவு. ஆனால் வயிறு நிறைந்து பந்தியிலிருந்து எழுவதில் யாருக்கு என்ன குறை? இரண்டாம் எண் மடித்து எழுந்தார். மூன்று, நான்கு என்று வரிசையாக இலை மடிந்தது. அருள்பாக்கியம் உட்கார்ந்த இடத்திலேயே மடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். சங்கரபாண்டி மட்டும் தவித்தார்.

"நான் இன்னும் சாப்பிடவே இல்லையே!"

"மோர் குடிச்சிட்டு எழுந்திரும்வே" என்றார் கோமதிநாயகம்.

கூடம் வெடித்துச் சிரித்தது. சங்கரபாண்டியும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே மடித்தார்.

"விருந்து முடிந்தது எனப் பதிவு செய்கிறேன்" என்றது வலை. "பன்னிரண்டாம் முடிச்சில் கயிறு இல்லை. நீக்கலாமா?"

கஸ்தூரி வாய் திறக்குமுன் வெயிலுமுத்து சொன்னார்: "அதையும் கூப்பிட்டது நான்தானே. இருக்கட்டும். எம்பேருல கட்டிவை."

அடுத்த சிக்கல் யாரும் எதிர்பாராதது. இப்போது கப்பலில் போக ஆளே இல்லை. யாரைக் கேட்டாலும் "நான் சாப்பிட்டாச்சு, அவுகளைக் கேளுங்க" என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் கஸ்தூரி பட்டியலின் வாலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தாறிலிருந்து முப்பத்தைந்து வரை பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் முதல் பயணம். மருத்துவர் அவர்கள் கால்களுக்குத் தாங்குபட்டை கட்டிவிட்டார். கோமதிநாயகம் தன் பயணப்பையையே மருமகனிடம் கொடுத்தார். "மேல ஒரு உறை வச்சிருக்கேன். இறங்கும்போது குமட்டும். வெக்கப்படாத. எனக்கும் அப்படித்தான். அதான் எழுதியே வச்சிருக்கானே."

கப்பல் கதவில் வலை முதலில் வெயிலுமுத்துவின் பெயரை அழைத்தது. அவர் நகரவில்லை.

"நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க" என்று மற்றப் பதினோரு பேரையும் உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஏறினார். கதவு மூட எட்டு வினாடி இருந்தது. வழியனுப்ப வந்த ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதற்கு முன், பழைய பட்டியலைக் கஸ்தூரி மூடியபோது யாரும் பார்க்கவில்லை. ஒரு விசையை அழுத்தினாள், அது இருண்டது. அவ்வளவுதான்.

கப்பல் போன மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வழக்கம்போல் துண்டை எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருந்தாள். ஐந்தேகாலுக்கே அருள்பாக்கியம் கதவைத் தட்டினாள். "வா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இப்போது எண்கள் இல்லை. தினம் ஒரு குடும்பத்திலிருந்து முறை தொடங்கும், பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். குளித்து முடித்தவர்களும் ஏனோ போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் மணக்க மணக்க நின்றார்.

கதவு திறந்தது. உள்ளே ஆவி பறந்தது.

"சுற்றமும் நட்பும்" என்று அழைத்தது குரல். "உள்ளே வரலாம்."

யாரும் போகவில்லை. கஸ்தூரியும் வழக்கப்படி அந்த ஐந்து நிமிடம் முடியட்டும் என்று காத்து நின்றாள். சற்று நேரம் கழித்துத்தான், எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்தது.

அவசரமாகக் கைக்கருவியில் அந்த முடிச்சைத் திறந்தாள். முந்தின நாள் கப்பல் ஏறுமுன் யாரோ செயலாளர் அறைக்குப் போய் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சுற்றமும் நட்பும்: கஸ்தூரி, மேட்டூர். அழைத்தவர்: வெயிலுமுத்து.

"போம்மா" என்றார் சங்கரபாண்டி. "குழாய் எவ்வளவு நேரம்தான் மூச்சு வாங்கும்?"